ஏழு வருஷத்து ஆயில்

ஜோம்பாவில் மலைக்குக் கீழே, சந்தைக்கு இறங்கும் சரிவில் எங்கள் வீட்டு வரிசை. அந்த வரிசையில் கார் வாங்கியவர் வைசன் லிகோஸ்வே ஒருவர்தான். மாவட்ட நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதியைப் போட்டு, ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த ஒரு வெள்ளைக் காரை வாங்கினார். அது வந்து நின்ற அன்று வரிசையே கூடிவிட்டது. அவர் மனைவி டோரிகா வாசலில் நின்று குலவையிட்டாள். நானும் சேர்ந்து குலவையிட்டேன். நான் அவர்களுக்கு அடுத்த வீடு. முன்னறையில் பெண்களுக்குத் தலை பின்னிவிடுவது என் பிழைப்பு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மூங்கில் வேலி. அங்கே ஒரு கிண்ணம் கீழே விழுந்தால் இங்கே எனக்குக் கேட்கும்.

டோரிகா குலவையிட்டதற்குக் காரணம் இருந்தது. அவள் பிறந்த ஊர் மங்கோச்சியைத் தாண்டி ஏரிக்கரையில் இருக்கிறது. அங்கே அவள் அக்கா எலுபே இருந்தாள். டோரிகாவுக்குப் பிள்ளைகள் இல்லை, தாய் போய்விட்டாள், கூடப் பிறந்தவளென்று இருந்தது இந்த அக்காதான். அவளைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் மினிபஸ்ஸில் இடுக்கிக்கொண்டு போய், லிவொண்டேயில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். டோரிகாவுக்கு முழங்கால் வீக்கம். ஒருமுறை போய்விட்டு வந்தால் ஒரு வாரம் வெந்நீர் ஒத்தடம்தான்.

"இனி எனக்கென்ன ஃபெலெஸ்தா?" என்றாள் அன்று சாயங்காலம் என்னிடம். "காலையில கிளம்பினா மத்தியானம் அக்கா கையால மீன் சாப்பிடலாம். மாசம் ஒரு தடவையாவது போயிருவேன் பாரு."

அந்த மாதமும் அவள் காரில் போகவில்லை, அந்த வருஷமும் போகவில்லை.

வைசன் கெட்ட மனுஷர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், யாரையும் ஏமாற்றியதில்லை. ஆனால் எந்தப் பொருள் அவர் கைக்கு வந்தாலும் அதைப் புழங்க அவருக்கு மனம் வராது. வீட்டில் பீங்கான் தட்டுகள் அட்டைப்பெட்டிக்குள் இருந்தன, அவர்கள் சாப்பிட்டது அலுமினியத் தட்டில். நல்ல கம்பளிகள் பெட்டியில் அந்துருண்டையோடு கிடந்தன, ஜூன் மாதக் குளிருக்குப் போர்த்திக்கொண்டது கிழிந்தது. எங்கள் யாவ் மொழியில் லிகோஸ்வே என்றால் எலி. வரிசையில் இருக்கிற வாய்கள் சும்மா இருக்குமா? "எலி சேர்க்குது, எலி திங்காது" என்று அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

அவர் இப்படி ஆனதற்கு ஒரு கதையை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். முதல் சம்பளத்தில் ஒரு சைக்கிள் வாங்கினாராம். தம்பி ஒரே ஒரு நாளைக்கு என்று கேட்டு எடுத்துப்போனான். மூன்று மாதம் கழித்து வந்தபோது ஒரு சக்கரம்தான் இருந்ததாம். "மிச்சம் எங்கேடான்னு கேட்டேன். மிச்சம் தேய்ஞ்சுபோச்சு அண்ணேன்னான். சைக்கிள் எங்கேயாவது தேய்ஞ்சு காணாமப் போகுமா, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பழைய விஷயம்தான், ஆனாலும் சிரித்து முடித்ததும் முகம் சுருங்கிப்போனது.

காருக்கு மேலே தகரக் கூரை போட்டார். மக்காச்சோளச் சாக்குகளைப் பிரித்து, சேர்த்துத் தைத்து, அதற்கு ஒரு போர்வை செய்தார். இருக்கைகளின் மேல் இருந்த பிளாஸ்டிக் உறையைக் கடைசிவரை எடுக்கவில்லை. சனிக்கிழமை காலையில் போர்வையை விலக்கி, வண்டியை ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு ஓட்டிக்கொண்டு போவார். சர்ச் கூப்பிடு தூரத்தில்தான். நடந்து போகிறவர்களும் காரும் ஒன்றாகவே போய்ச் சேர்வார்கள்.

"பெரியவரே, நாங்க முன்னாடி போய் உங்களுக்கு பெஞ்சுல இடம் போட்டு வைக்கட்டுமா?" என்று பெண்கள் கேட்பார்கள். டோரிகா உள்ளேயிருந்து கையசைப்பாள். முதல் ஒன்றிரண்டு வருஷம் சிரித்துக்கொண்டு அசைத்தாள். அப்புறம் வெறும் கைதான் அசைந்தது.

அக்காவைப் பார்க்கப் போகலாமா என்று அவள் கேட்கும்போதெல்லாம் அவரிடம் ஒரு பதில் இருந்தது. ரோடு சரியில்லை. மழை வரப்போகிறது. பெட்ரோல் விலை ஏறிவிட்டது. டயர் புதுசு, ஏரிக்கரை மணலில் போனால் தேய்ந்துவிடும். அப்புறம் பார்க்கலாம். இல்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. டோரிகா மினிபஸ்ஸிலேயே போய்வந்தாள். அதுவும் வரவரக் குறைந்தது.

கீழ்ச் சந்தை ஓரத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த சைதி ஒருநாள் என் மகள் வெளியே வரக் காத்துக்கொண்டு என் வாசலில் உட்கார்ந்திருந்தான். என் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் அவன். சனிக்கிழமை. வேலிக்கு அந்தப் பக்கம் கார் உறுமி நின்றது. சைதி காதைத் தீட்டிக்கொண்டான்.

"ஐயா, ஆயில் மாத்தி எவ்வளவு நாளாச்சு?" என்று வேலிக்கு மேலே கேட்டான்.

"வாங்கினப்போ மாத்தினது. ஏன்?"

"வாங்கினப்போவா! அது ஆகுதே வருஷக்கணக்கா."

"வருஷத்தை ஏன்ப்பா பாக்கிறே, தூரத்தைப் பாரு. அஞ்சாயிரம் கிலோமீட்டர்னு கதவுல ஒட்டியிருக்கான். நான் அதுல கால்வாசிகூட ஓட்டலை."

"ஓட்டலைன்னாலும் ஆயில் கெடும்யா. வருஷத்துக்கு ஒருதடவை மாத்திரணும். அதுவும் நீங்க இப்படி நின்ன இடத்துலயே அஞ்சு நிமிஷம் ஓட்டுறது இருக்கே, அதுதான் மோசம். இன்ஜின் நல்லா சூடாகாது. உள்ளே தண்ணி வேர்த்து ஆயில்ல கலந்துரும். மூடியைத் தொறந்து பாருங்க, வெள்ளையா கஞ்சி மாதிரி ஒட்டியிருக்கும்."

"உனக்கு ஆயில் விக்கணும்."

"நான் எங்கேய்யா ஆயில் விக்கிறேன்? நீங்களே கடையில வாங்கிட்டு வாங்க."

"கடையில! கோர்ட்டுல எத்தனை வழக்கு பாத்திருக்கேன் தெரியுமா? பழைய ஆயிலைக் காய்ச்சி வடிகட்டி புது டப்பாவுல அடைச்சு விக்கிறான். என் சிநேகிதன் ஒருத்தன் அதை ஊத்தி இன்ஜினையே பறிகொடுத்தான். இதுல இருக்கிறது நல்ல ஆயில்னு எனக்குத் தெரியும். தெரியாததை எதுக்கு ஊத்தணும்?"

சைதி தோளைக் குலுக்கினான். அவனுக்கும் ரொம்ப நிச்சயம் இருந்ததாகத் தெரியவில்லை. "எனக்கு அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க. சில வண்டி ரெண்டு வருஷம் தாங்கும், சிலது தாங்காது. உங்க இஷ்டம்" என்றான். வைசன் மூடியைத் திறந்து பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. போர்வை இழுக்கிற சத்தம் கேட்டது.

கார் வந்து ஏழாவது வருஷம், மழைக்கு முந்தின வெயில் காலத்தில், எலுபே போனில் கூப்பிட்டாள். நான் அப்போது டோரிகாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். டோரிகா காதுக்கும் என் விரலுக்கும் நடுவில் இருந்தது போன், அதனால் எனக்கும் கேட்டது.

"டோரிகா, வயிறு தண்ணி கோத்துக்கிச்சுடி. ஆஸ்பத்திரியில வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க."

"எப்போ சரியாகும்னு சொன்னாங்க?"

"அதெல்லாம் சொல்லலை." மூச்சு இரைத்தது. "வர்றியா?"

டோரிகா பாதிப் பின்னலோடு எழுந்து போய்விட்டாள்.

நாட்டில் அப்போது பெட்ரோலே இல்லை. பெட்ரோல் பங்க்குகளில் கார்கள் ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்றாக நாள்கணக்கில் நின்றன. மினிபஸ்கள் ஓடவில்லை. ஓடிய ஒன்றிரண்டிலும் ஆண்களே சண்டை போட்டு ஏறவேண்டியிருந்தது. வைசன் வீட்டுப் பின்னறையில் ஒரு கேன் நிறையப் பெட்ரோல் இருந்தது வரிசைக்கே தெரியும்.

வேலிக்கு அந்தப் பக்கம் அன்று நடந்த பேச்சு நீளமானதில்லை.

"பெட்ரோல் வரட்டும் டோரிகா, மினிபஸ் விடுவாங்க."

"வாசல்ல வண்டி நிக்குது."

"நிக்குதுதான். நான் என்ன சொல்றேன்னா..."

"நான் உங்ககிட்ட வேற எதுவும் கேட்டதில்லை. வாசல்ல வண்டி நிக்குது."

மறுநாள் விடிந்தபோது வைசன் சாக்குப் போர்வையை முழுசாக எடுத்து மடித்து வைத்துவிட்டு, வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நீதிமன்றத்துக்குப் போட்டுப்போன கோட்டைப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நீங்களும் வாங்கம்மா. அவளுக்குத் துணையா இருக்கும். இடம்தான் இருக்கே" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை நம்ப முடியாமல், இடுப்புத் துணியை மாற்றிக்கொண்டு ஓடிவந்து ஏறினேன்.

லிவொண்டே வரைக்கும் அது நல்ல பயணம். ஜன்னலை இறக்கிவிட்டோம். டோரிகா போனில் அக்காவைக் கூப்பிட்டு, "வந்துக்கிட்டே இருக்கோம், கார்ல வர்றோம்" என்று கத்தினாள். அந்தப் பக்கத்தில் எலுபே என்ன சொன்னாளோ, டோரிகா சிரித்து, "எங்களுக்கு மீன் எல்லாம் வேணாம், நீ படுத்திரு" என்றாள். வைசன்கூட விசிலடித்தார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது, "வண்டி எப்படிப் போகுது பாத்தீங்களா? வச்சுக் காப்பாத்தினா எதுவும் நிலைக்கும்" என்று என்னிடம் சொன்னார்.

பாலத்தைத் தாண்டி நெடுந்தூரம் போயிருப்போம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாய் ஒரு விளக்கு எரிந்தது. எண்ணெய்க் குவளை மாதிரி படம் போட்ட விளக்கு. கூடவே தகரத்தில் ஆணி தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். வைசன் ஓரமாக நிறுத்தி, முன் மூடியைத் தூக்கி, அளவு பார்க்கிற கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். எங்களிடம் கொண்டுவந்து காட்டினார்.

"பாருங்க, ஒரு சொட்டு குறையலை. முழுசா இருக்கு. விளக்குதான் பழுது."

கம்பியில் இருந்தது தார் மாதிரி கறுப்பாகத் திரண்டு, வழியாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. எங்களுக்கு என்ன தெரியும்? அளவுக்கோடு வரை இருந்தது, அவ்வளவுதான். வண்டியை எடுத்தார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சத்தம் கூடியது. டோரிகா இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் முன்பக்கம் எதுவோ உடைகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, வண்டி உதறியது, நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. இன்ஜின் இறுகிப்போயிருந்தது.

இரண்டு பக்கமும் காய்ந்த சோளத்தட்டை. ரோட்டில் வண்டியே இல்லை. எப்போதாவது கரி மூட்டை கட்டிய சைக்கிள் போனது. வைசன் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கோட்டுக் கையெல்லாம் கறுப்பு. டோரிகா இறங்கி நடக்க ஆரம்பித்தாள். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு எங்கடி நடப்பே?"

"நடக்கிறவரைக்கும் நடக்கிறேன், விடு."

வெயில் உச்சிக்கு ஏறி இறங்கத் தொடங்கியபோது மாவு மில்காரர் ஒருவரின் பிக்கப் வந்து நின்றது. பின்னால் மூட்டைகள். "மங்கோச்சிதான் போறேன். மூணு பேரும் ஏறுங்க, சீக்கிரம், பெட்ரோல் கம்மியா இருக்கு" என்றார் ஓட்டி வந்தவர். நான் டோரிகாவை மூட்டைமேல் ஏற்றிவிட்டு நானும் ஏறினேன். வைசன் கீழேயே நின்றார்.

"ஏறுங்க" என்றாள் டோரிகா.

"நீங்க போங்க. நான் வண்டியைப் பாத்துக்கிறேன்."

"அதுதான் ஓடலையே. யாரு எடுத்துட்டுப் போவாங்க?"

"டயர் இருக்கு, பேட்டரி இருக்கு. கழட்டிருவாங்க டோரிகா. விட்டுட்டுப் போனா காலையில கூடுதான் மிச்சமிருக்கும். நீ போ. நான் ஏதாவது லாரியைப் பிடிச்சு இதைக் கட்டி இழுத்துக்கிட்டு..."

டோரிகா அவரைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தெரியாத ஊரில் தெரியாத ஒருவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிக்கப் கிளம்பியது. அவர் கையைத் தூக்கி அசைத்தார். அவள் அசைக்கவில்லை.

எலுபே முஸ்லிம் ஒருவரைக் கட்டி, அவர் மார்க்கத்தில் சேர்ந்து, அவரையும் இழந்தவள். அங்கே இறந்தவரைக் காத்து வைக்க மாட்டார்கள். மங்கோச்சியில் இறங்கி, வாடகைச் சைக்கிள்களில் ஏறி, பொழுது சாய நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, மண் ஒட்டிய மண்வெட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். முற்றத்தில் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி எழுந்து வந்து டோரிகாவைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்தியானம் வரைக்கும் நினைவு இருந்துச்சு. கார் சத்தம் கேக்குதா, கார் சத்தம் கேக்குதான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. கேக்குது கேக்குதுன்னு சொன்னோம். என்னடி பண்றது?"

டோரிகா உள்ளே போய், அக்கா படுத்திருந்த பாய்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழக்கூட இல்லை. எலுபேயின் மகள் வேலைக்குத் தென்னாப்பிரிக்கா போனவள், அங்கிருந்து போன் வருவதே நின்றுபோயிருந்தது. அவள் பெற்ற மூன்று பிள்ளைகளும் சுவரோரமாக நின்று, புதிதாய் வந்த சின்னப் பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தன. கடைக்குட்டி மெல்ல வந்து டோரிகாவின் மடியில் ஏறிக்கொண்டது.

வைசன் இரண்டு நாள் கழித்து வந்தார். லாரிக்காரன் ஒருவனைப் பிடித்து, காரை ஜோம்பாவுக்கே இழுத்துக்கொண்டு போய், சைதி ஷெட்டில் விட்டுவிட்டு, கிடைத்ததில் ஏறி வந்திருந்தார். கோட்டில் கறை அப்படியே இருந்தது. சாவு வீட்டுப் பெண்களின் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

"மாப்பிள்ளை வந்துட்டாரு, வழி விடுங்க."

"காரை நல்லபடியா அடக்கம் பண்ணியாச்சா மாப்பிள்ளை? நாங்க யாரும் அங்கே வர முடியலை, மன்னிச்சுக்கணும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். சடங்குகள் முடிந்து நாங்கள் கிளம்பும் நாள் டோரிகா மூட்டை கட்டவில்லை. அவர் அவளிடம் பேசியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அவர்தான் என்னை இருக்கச் சொன்னார். தனியாகப் பேசப் பயந்தார் போல.

"போலாமா டோரிகா?"

"நீங்க போங்க."

"எப்போ வர்றே?"

"இந்தப் புள்ளைங்களை யாருகிட்ட விட்டுட்டு வர்றது? இது எங்கம்மா வீடு, என் வீடு. நான் இங்கே இருக்கேன்."

"புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வா. அங்கே இடம் இருக்கு."

"அங்கே இதுங்க எந்தத் தட்டுல சாப்பிடும்?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "எனக்குத் திட்டத் தெரியலை. திட்டினா எங்கக்கா வருவாளா? நீங்க போங்க. இருட்டறதுக்கு முன்னாடி லிவொண்டே போயிருங்க."

எங்கள் பக்கத்தில் வீடும் நிலமும் பெண்களுடையது. தாயின் ஊருக்குத் திரும்பிவிட்ட பெண்ணை வா என்று இழுக்க எந்தப் புருஷனுக்கும் உரிமை கிடையாது. வைசனுக்கு அது தெரியும், நீதிமன்றத்தில் இதே மாதிரி எத்தனையோ கேட்டிருப்பார். எழுந்து வந்துவிட்டார்.

சைதி இன்ஜினைக் கழற்றிப் பார்த்தான். அடியில் இருக்கிற ஆயில் தொட்டியை இறக்கியபோது எதுவும் ஒழுகவில்லையாம், கரண்டியால் வழிக்க வேண்டியிருந்ததாம். ஆயிலை மேலே உறிஞ்சுகிற சல்லடை முழுக்க அடைத்திருந்தது. தொட்டி நிறைய ஆயில் இருந்தும் மேலே ஒரு துளிகூட ஏறாமல், இரும்போடு இரும்பு உரசி வெந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. வைசன் அதை விரலில் தொட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சைதி சொன்னான்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே கேள்விதான். "ஒரு வருஷத்துல மாத்தியிருக்கணுமா? ரெண்டு வருஷம் தாங்கியிருக்குமா? மூணாவது வருஷம் மாத்தியிருந்தாக்கூடப் போயிருக்குமா?" சைதியைக் கேட்டார். பஸ் டிரைவர்களைக் கேட்டார். சர்ச் வாசலில் நிற்கிற கார்க்காரர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டார். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். ஆறு மாதம் என்றான் ஒருவன், தூரம்தான் கணக்கு, வருஷம் கணக்கில்லை என்றான் இன்னொருவன். ஒருநாள் சைதி பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டான்.

"ஐயா, ஆயிலை விடுங்க. மாசம் ஒரு தடவை அம்மாவை ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போய் வந்திருந்தா, இதைவிட மட்டமான ஆயிலும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். வண்டி ஓடியிருந்தா மாத்தணும்னு உங்களுக்கே தோணியிருக்கும்."

அன்றோடு அவர் யாரையும் கேட்பதை நிறுத்தினார். சர்ச்சுக்கு வருவதையும் நிறுத்தினார்.

காரை இரும்புக்காரர்கள் துண்டு துண்டாக எடுத்துப்போனார்கள். மழை வந்தது. எல்லார் வீட்டுக் கொல்லையிலும் மக்காச்சோளம் முளைத்தது. அவர் கொல்லையில் விதை போடுவது எப்போதும் டோரிகாதான், இந்த வருஷம் அங்கே புல்தான் இடுப்பு உயரம் வளர்ந்து நிற்கிறது. சாயங்காலத்தில் ஒரு தட்டு களியும் கீரையும் வேலிக்கு மேலே நீட்டுவேன். சில நாள் வாங்கிக்கொள்வார். சில நாள் கூப்பிட்டாலும் வெளியே வரமாட்டார்.

போன வாரம் கேட்டேன்: "நீங்களே போய் அங்கே இருக்கலாமே. பொண்டாட்டி ஊர்ல போய் வாழறது நம்ம பக்கத்துல வழக்கம்தானே?"

"கூப்பிட்டா போவேன்" என்றார்.

"அவ கூப்பிடுவான்னு காத்துக்கிட்டிருந்தா எப்படி?"

"கூப்பிடாம போனா, முற்றத்துல விருந்தாளிக்குப் பாய் போடுவா. சாப்பாடு போட்டு, எப்போ கிளம்புறீங்கன்னு கேப்பா. ஒரு தடவை போய்ப் பாத்துட்டேன்மா. உங்ககிட்டே சொல்லலை."

டோரிகாவோடு நான் மாதத்தில் இரண்டு மூன்று தடவை போனில் பேசுகிறேன். பிள்ளைகளைப் பற்றிச் சொல்வாள், மீன் விலை சொல்வாள், என் மகள் கல்யாணத்தை விசாரிப்பாள். அவரைப் பற்றி நானாகச் சொல்ல ஆரம்பித்தால், "ம்" என்பாள். பின்னால் பிள்ளைகள் கத்துவது கேட்கும். "அடுப்புல வச்சது தீயுது, வச்சிர்றேன்" என்று வைத்துவிடுவாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது மூங்கில் இடுக்கு வழியாக எனக்குத் தெரியும்.